முந்தைய அறிவிப்பு

அந்த ஊரில் நகரத் தலைவரின் முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. மைக்கம்மாவின் குரல் தெரியாதவர்கள் ஒருவரும் கிடையாது. பேருந்து நிலையத்தின் நடுவே இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அவள் "பயணிகள் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால், சண்டை போட்டுக்கொண்டிருக்கிற புருஷன் பெண்டாட்டிகூட வாயை மூடிக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நிலையத்து ஒலிபெருக்கிகளில் இரண்டு கடைத்தெருவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அதனால் பஸ் ஏறாதவர்களுக்கும் அவள்தான் கடிகாரம். கடைசி வண்டியை மைக்கம்மா சொல்லியாகிவிட்டது, ஷட்டரை இறக்கு என்பார்கள்.

எதையும் அவள் இரண்டு தடவை சொல்வாள். முதல் தடவை காத்திருப்பவர்களுக்கு, இரண்டாவது தடவை பாதி கேட்டவர்களுக்கு. இந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க என்று அவள் கூப்பிட்டால், பழைய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, எந்த நடைமேடைக்கு வரணும் என்று கேட்பார்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், மலைக்குப் போகிற வண்டி நிற்கும் இடத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள். மூட்டை முடிச்சோடு ஜனம் தப்பான பக்கம் ஓடியது. நேரக்காப்பாளர் பதறிப் போய் மைக்கைப் பிடுங்கித் தானே திருத்திச் சொன்னார். ஒருத்தரும் அசையவில்லை. யாரோ ஓர் ஆள் உளறுகிறான் என்று நின்றார்கள். அவளே மறுபடி மைக்கைப் பிடித்துச் சொன்ன பிறகுதான் கூட்டம் திரும்பியது. அன்றைக்கு நேரக்காப்பாளர் போட்ட சட்டம் இன்றுவரை நடக்கிறது: தப்பாகச் சொன்ன குரல்தான் திருத்திச் சொல்ல வேண்டும். "முந்தைய அறிவிப்பு தவறானது, பயணிகள் திருத்திக் கேட்கவும்" என்று சொல்வதில் மைக்கம்மாவுக்கு அதற்கப்புறம் கூச்சமே இருந்ததில்லை.

அது மைக்கில். வீட்டில் கதை வேறு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'நான் சொன்னது தப்பு' என்று அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் சொல்லுங்கள், நான் ஊருக்கே விருந்து வைக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

பாப்பா போனபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற, அம்மாவைவிட ஒரு பிடி உயரமான பெண். ஒரே மகள் என்பதால் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அம்மாவுக்கு எழுத்து மங்குகிறது என்று, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கண்ணாடிக்கடைக்கு அழைத்துப் போனவள் அவள்தான். கடைக்காரரின் மகன்தான் கண் பரிசோதித்தான். அம்மாவுக்கு எந்த எழுத்து தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே அவன் பார்த்ததெல்லாம் மகளை. அம்மாவின் கண்ணுக்கு அது தெரியவில்லை. அதற்குத்தானே கண்ணாடி போடப் போயிருந்தாள்.

பையனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமைதி, படிப்பு, கைத்தொழில் எல்லாம் இருந்தது. அவர்கள் கும்பிடுகிற சாமிதான் வேறு. முன்பெல்லாம் அது ஒரு தகவல், அவ்வளவுதான். இந்த வருஷம் அது தகவலாக இருக்கவில்லை. சுவரில் ஒட்டிய தாளும், கைப்பேசியில் சுற்றுகிற படமுமாக ஊர் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாகிக்கொண்டிருந்தது. அவர்கள் கடையில் வாங்காதே என்று இவர்கள் சொன்னார்கள். இவர்கள் தெருவில் நடக்காதே என்று அவர்களில் சிலர் சொன்னார்கள். நாத்தனார் மகன் நம் ஆட்களுக்கு என்று ஒரு சங்கம் வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பாப்பா விஷயத்தைச் சொன்னாள். மைக்கம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து பெட்டியை எடுத்து மகளின் முன்னால் வைத்தாள். போ என்ற சொல்லைக்கூட அந்தப் பெட்டிதான் சொல்லிற்று. பாப்பா அழுதுகொண்டே துணிகளை அடுக்கினாள். வீட்டுக்காரர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில் மகளால் தூக்க முடியவில்லை என்று அவரே பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, வாடகைக் காரில் வைத்துவிட்டு வந்தார். மேலே வந்தவரைப் பார்த்து மைக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சன்னல் வழியாகப் பார்த்தால் பாப்பா தெரிவாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் சன்னல் பக்கம் போகவில்லை.

மறுநாள் கைப்பேசியில், குடும்பக் குழுவில் நாத்தனார் ஆரம்பித்தாள். பாப்பாவைக் கண்ணாடிக்கடை மாடியில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னாராம். ஊருக்கெல்லாம் வழி சொல்கிற வீட்டில் பெண்ணுக்கு வழி சொல்ல ஆளில்லையா என்று கேட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகத்தையும் போட்டிருந்தாள். சித்தப்பா, பெரியப்பா, ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று அடியில் தெரிந்தது. ஒருத்தரும் பதில் போடவில்லை. அந்த மௌனம்தான் அவளைக் குத்தியது.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பேசிப் பதிவு செய்தாள்.

"என் பொண்ணு அவளா போகல. அந்தக் கண்ணாடிக்கடைக் குடும்பமே சேர்ந்து திட்டம் போட்டு, மயக்கித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. என் பிள்ளை அழுதுக்கிட்டே போச்சு. நாங்க பார்த்துக்கிட்டே நின்னோம்."

தடுமாற்றமில்லாமல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. பழக்கதோஷத்தில் இரண்டாம் தடவையும் சொன்னாள். அனுப்பினாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. வளர்ப்புச் சரியில்லை என்று பேர் வாங்குவதைவிட, பறிகொடுத்தவள் என்று பேர் வாங்குவது எவ்வளவோ மேல் என்று நினைத்தாள்.

சற்று நேரத்தில் குழுவில் ஒரு வரி வந்தது. பாப்பா வெளியேறிவிட்டாள் என்று காட்டியது. வீட்டைவிட்டுப் போனபோது வராத கண்ணீர் அந்த ஒரு வரிக்கு வந்தது. அந்தப் பழியை நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தின் மேல் போட்டாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போனபோது நிலையத்து டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். கவலைப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம் என்றார். எதற்கு என்று கேட்பதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரின் கைப்பேசியிலிருந்து அவளுடைய குரலே கேட்டது. 'மயக்கித் தூக்கிட்டுப் போயிட்டாங்க.' இரண்டு தடவை. அடுத்த பெஞ்சிலும் அதே. எதிரே நின்ற வண்டியில் ஓட்டுநர் இருக்கையிலும் அதே. தன் குரலை ஒலிபெருக்கியில் ஆயிரம் முறை கேட்டவள்தான். அன்றைக்கு அது வேறு யாரோ தன் தொண்டைக்குள் புகுந்து பேசுவதுபோல இருந்தது.

எல்லோரும் சொன்னது ஒரே பேச்சு. வேறு யாராவது சொல்லியிருந்தால் வதந்தி என்று விட்டிருப்போம், மைக்கம்மா சொன்னால் பொய்யா இருக்குமா?

கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள். குடும்பத்துக்குள் சொன்னது எப்படி வெளியே போனது என்று கேட்டாள். நாத்தனார் குரலில் சிரிப்பு இல்லை, ஒருவிதப் பெருமை இருந்தது. மகன் கேட்டு ரத்தம் கொதித்துப் போய்விட்டானாம், சங்கத்துக்கு அனுப்பினானாம். "நீ சொன்னதைத்தானே அண்ணி அனுப்பினான், இட்டுக்கட்டியா அனுப்பினான்?" என்று கேட்டாள். மைக்கம்மா இணைப்பைத் துண்டித்தாள்.

நாத்தனார் மகனையே போனில் பிடித்தாள். சின்ன வயதில் அவள் மடியில் வளர்ந்தவன். கோபத்தில் சொன்னேன், பாப்பா விரும்பித்தான் போனாள், இதோடு நிறுத்து என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவன் மரியாதை குறையாமல் முழுவதையும் கேட்டான்.

"அத்தை, இது இனிமே உங்க வீட்டு விஷயம் இல்ல" என்றான். "நீங்க சொல்லிட்டீங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம்."

அவள் விடவில்லை. குடும்பக் குழுவில் இன்னொரு பதிவு போட்டாள். முன்பு சொன்னது பொய், யாரும் அதை நம்ப வேண்டாம் என்றாள். முதல் பதிவு காட்டுத்தீயாகப் போயிருந்தது. இது ஈர விறகாகக் கிடந்தது. ஒரு சித்தப்பா மட்டும் பதில் போட்டார்: பாவம், மிரட்டிச் சொல்ல வைக்கிறார்கள் போலிருக்கிறது, பொறுத்துக்கொள் அம்மா, நேரம் வரும்.

பாப்பாவைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. தாயின் குரலைக் கேட்கப் பிடிக்காமல்தானே எடுக்கவில்லை என்று நினைத்தபோது, போய் நேரிலேயே கதவைத் தட்டிவிடலாமா என்று தோன்றியது. சாலையைக் கடந்தால் கண்ணாடிக்கடை. ஆனால் அந்தப் படி ஏறினால் அது 'நான் சொன்னது தப்பு' என்று சொல்வதற்குச் சமம். சாயங்காலம் வேலை முடிந்து போகலாம், ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும் என்று தள்ளிப் போட்டாள்.

சாயங்காலம்வரை ஊர் காத்திருக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கடைத்தெருவில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். முதலில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு நடந்து வந்தார்கள். சிலர் கையில் கம்பு, சிலர் கையில் கைப்பேசி. பக்கத்துக் கடைகள் பட் பட்டென்று ஷட்டரை இறக்கின. கண்ணாடிக்கடையின் ஷட்டர் ஏற்கனவே இறங்கியிருந்தது. மாடியில் சன்னல்கள் சாத்தியிருந்தன. கூட்டம் கோஷம் போட்டது. பொண்ணை வெளியே விடு, பொண்ணை வெளியே விடு.

ஷட்டருக்கு முன்னால் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நீலச் சட்டை. கண்ணாடி அறையிலிருந்து பார்த்த மைக்கம்மாவுக்கு அந்தச் சட்டையின் தோள் கிழிந்து, தானே தைத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. மத்தியானம் காயில் கம்பி வாங்கப் போகிறேன் என்றுதான் அவர் காலையில் சொல்லியிருந்தார். மகளைப் பார்க்கத்தான் போயிருந்தார் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கக்கூடியது ஒன்றுதான்: நான்தான் பெண்ணைப் பெற்றவன், அவள் நல்லபடியாக இருக்கிறாள். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். இன்னொருவன் கன்னத்தில் அறைந்தான். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டான் என்று பிறகு தெரிந்தது. மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் முகம் காட்டியே வாழ்ந்த மனிதர். அவர் முகம் அந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

அப்போது கல் பறந்தது. மாடிச் சன்னல் ஒன்று உடைந்து விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அலறியது. சாலையைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, அத்தனை கோஷத்தையும் தாண்டி அது மைக்கம்மாவுக்குக் கேட்டது. பாப்பாவைக் காப்பாற்ற வந்தவர்கள் எறிந்த கல் பாப்பா இருக்கிற அறைக்குள் விழுந்தது.

அவள் மைக்கை இழுத்தாள். நேரக்காப்பாளரின் கை வந்து பொத்தானை மூடியது. மைக்கில் பஸ் விஷயம் மட்டும்தான் பேசலாம், வேலை போய்விடும், வேலை மட்டுமா, இந்தக் கண்ணாடி அறைக்கு ஒரு கல் போதும் என்று அடிக்குரலில் சொன்னார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அவரும் அவள் கும்பிடுகிற சாமியைத்தான் கும்பிட்டார்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, தப்பாச் சொன்ன குரல்தான் திருத்திச் சொல்லணும்னு."

நேரக்காப்பாளர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். எனக்கு டீ குடிக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய், கதவுக்கு முதுகைக் காட்டி அங்கேயே நின்றுகொண்டார்.

அவளுக்கு வேறு விதமாக ஆரம்பிக்கத் தெரியவில்லை.

"பயணிகள் கவனத்திற்கு. பயணிகள் கவனத்திற்கு. முந்தைய அறிவிப்பு தவறானது. கண்ணாடிக்கடை வாசலில் நிற்பவர்கள் திருத்திக் கேட்கவும்."

தலைகள் திரும்பின. பஸ்ஸுக்காகத் திரும்பிப் பழகிய தலைகள், யோசிக்காமலே திரும்பின. கோஷம் பாதியில் அறுந்தது.

"நீங்கள் கைப்பேசியில் கேட்டது என் குரல். அதில் நான் சொன்னது பொய். என் மகளை யாரும் தூக்கிப் போகவில்லை. அவள் விரும்பித் திருமணம் செய்துகொண்டு, விரும்பிப் போனாள்." அதற்குமேல் எழுத்து நடையில் அவளால் பேச முடியவில்லை. "பரண்ல இருந்து பெட்டியை இறக்கிக் குடுத்தது நான். தூக்கிட்டுப் போய்க் கார்ல வெச்சது அவ அப்பா. இப்ப நீங்க அடிக்கிறீங்களே, நீலச் சட்டை, அவர்தான் அவ அப்பா. அவ அழுதான்னு சொன்னேன். நான் ஒரு வார்த்தை பேசாம நின்னேன், அதுக்கு அழுதா. சொந்தக்காரங்க முன்னாடி தலை குனியக் கூடாதுன்னு பொய் சொன்னேன். என்னை யாரும் மிரட்டல. நல்லாப் பாருங்க, கண்ணாடி ரூம்ல நான் ஒருத்திதான் இருக்கேன். நீங்க காப்பாத்த வந்த பொண்ணு மாடியில இருக்கா. உங்க கல்லு அவ மேலதான் விழுது."

மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு பழக்கப்படி, "மீண்டும் அறிவிக்கிறேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கூட்டத்தின் வால் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பெட்டியைத் தூக்கினது அப்பனாமே என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் நின்றவர் கம்பைக் கீழே சாய்த்துக்கொண்டு, நம்மளை முட்டாளாக்கிட்டாங்கப்பா என்றார். சிரித்தவனால் கல் எறிய முடியவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர், நான்கு பேர் என்று கழன்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்பதுபோல் நிலையத்தின் பக்கம் நடந்தார்கள்.

முன்வரிசை அப்படிக் கலையவில்லை. ஷட்டரைக் கம்பியால் நெம்பி ஓர் ஆள் நுழையும் அளவு தூக்கியிருந்தார்கள். உள்ளே காட்சிப் பலகைகள் நொறுங்குகிற சத்தம் வந்தது. புகை வந்தது. இரண்டாவது அறிவிப்பு முடியும்போது நாலைந்து நடத்துனர்களும் டீக்கடைக்காரரும் தண்ணீர் வாளியோடு ஓடினார்கள். டீக்கடைக்காரர் அழுதுகொண்டே ஓடினார். நாங்க இருக்கோம் என்று காலையில் சொன்னவர்.

தீ மாடிக்கு ஏறவில்லை. பாப்பாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். வீட்டுக்காரருக்கு ஒரு பல் போயிற்று. மருமகனைப் பின்பக்கக் குழாய் வழியாக இறக்கிவிட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும், மகனையும் மருமகளையும் மேலே அனுப்பிவிட்டுத் தான் ஷட்டரை உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சரிந்து விழுந்ததில் வலது கையில் நரம்பு அறுந்துவிட்டது.

ஒலிபெருக்கி எட்டாத தெரு ஒன்று இருந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால், திரும்பிப் போகிற சந்து. அங்கே நின்ற கூட்டத்துக்கு மைக்கம்மா சொன்னது கேட்கவில்லை. அங்கே ஒரு செருப்புக்கடையை எரித்தார்கள். உள்ளே மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி வெளியே வரவேயில்லை. அவருக்கும் பாப்பாவுக்கும், கண்ணாடிக்கும், பெட்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் எந்தப் பக்கத்து ஆள் என்றுதான் இரண்டு பக்கத்தாரும் முதலில் கேட்டார்கள்.

அன்றைக்கே நாத்தனார் மகன் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"குடும்ப மானத்தை மைக் போட்டு வித்துட்டீங்க, அத்தை."

"ஆமாய்யா" என்றாள் மைக்கம்மா. "அந்த மானத்தைக் காப்பாத்தப் போய்த்தான் ஒரு ஆளைக் கொன்னுட்டோம். நான் பாதி, நீ பாதி."

அவன் முகம் ஒரு நொடி சின்ன வயது முகம்போல ஆனது. பிறகு கதவை அறைந்துவிட்டுப் போனான். நாத்தனார் குடும்பக் குழுவிலிருந்து மைக்கம்மாவையும் வீட்டுக்காரரையும் நீக்கினாள்.

மைக்கம்மாவை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். வேறு ஒரு பெண்ணின் குரலைப் பதிவு செய்து போட்டார்கள். நல்ல குரல்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தடவைதான் சொல்லியது. பாதி கேட்டவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

கலவரத்துக்குப் போட்ட ஊரடங்கு தளர்ந்ததும் அவள் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். போகலாமா கூடாதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். பல் போன இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, ஊருக்கு விருந்து வேறு பாக்கி இருக்கு, கையில காசில்ல என்றார். அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வார்டில் சம்பந்தியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளை மைக்கம்மா அதுவரை சம்பந்தி என்று நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. சம்பந்தியம்மா ஸ்டூலை மட்டும் காலால் நகர்த்திப் போட்டாள். கண்ணாடிக்கடைக்காரர் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். மைக்கம்மா வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"உங்க கண்ணாடி ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு, தங்கச்சி. அந்தச் சின்ன ஆணி லூசாயிருக்கும்." வலது கையைத் தூக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான் செய்ய முடியாது. மகன்கிட்ட குடுங்க."

அப்போதுதான் அவள் அழுதாள். அவரிடம் சொல்ல வைத்திருந்த எல்லா வாக்கியங்களும் அழுகையில் கரைந்து போயின. தப்பு என்னுது, தப்பு என்னுது என்று இரண்டு தடவை மட்டும் வந்தது. அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சம்பந்தியம்மா, "தெரியும்" என்றாள். உரித்த ஆரஞ்சைக் கணவருக்கு மட்டும் கொடுத்தாள்.

பாப்பா நடைபாதையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி. அம்மா பக்கத்தில் போய் நின்றும் அவள் திரும்பவில்லை. மைக்கம்மா அந்தப் பிளாஸ்திரியின் ஓரத்தைத் தொட்டு அழுத்திவிடப் போனாள். பாப்பா முகத்தை நகர்த்திக்கொண்டாள்.

"இன்னும் போய்க்கிட்டே இருக்கும்மா" என்றாள், கைப்பேசியைக் காட்டி. "நீ முதல்ல சொன்னது. வேற ஊருக்கெல்லாம் போயிடுச்சு. அங்க இருக்கிறவங்களுக்கு நீ யாருன்னே தெரியாது. ஒரு அம்மா பொண்ணைப் பறிகொடுத்துட்டாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீ மைக்ல சொன்னதை யாரும் அனுப்பல."

மைக்கம்மா சுவரில் சாய்ந்தாள். பாப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது. ஒலிபெருக்கி எட்டாத சந்தை அவள் நினைத்தாள். உலகம் முழுக்க அப்படிச் சந்துகளாகவே தெரிந்தது.

அவள் பையிலிருந்து கைப்பேசி அடித்தது. தெரியாத எண். இரண்டு மூன்று நாளாகவே அப்படித் தெரியாத எண்கள் வந்துகொண்டிருந்தன. அவள் எடுத்ததில்லை. திட்டுவதற்கு இருக்கும், அல்லது இன்னும் மோசமாக ஆறுதல் சொல்வதற்கு இருக்கும்.

இந்தத் தடவை எடுத்தாள். வேறு ஏதோ ஊரிலிருந்து ஓர் ஆண் குரல். வயதானவர்போல இருந்தது. பின்னால் சத்தமாக ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளைப் பறிகொடுத்த அம்மா நீங்கள்தானா, எண்ணை எப்படியோ வாங்கினேன், எங்கள் ஊரிலும் அவர்கள் கடைகள் இருக்கின்றன, இங்கே ஆட்கள் கூடியிருக்கிறார்கள், நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

மைக்கம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள்.

"நான்தான்யா அது. அந்தப் போனைச் சத்தமா வைங்க, அங்க இருக்கிற எல்லாருக்கும் கேக்கணும். வெச்சிட்டீங்களா? முன்னாடி நான் சொன்னது தப்பு. திருத்திக் கேளுங்க."

பெட்டியிலிருந்து ஆரம்பித்தாள். நடைபாதையில் போன நர்ஸ் ஒருத்தி நின்று பார்த்தாள். முழுவதும் சொல்லி முடித்து, மறுபடி ஒரு தடவை சொல்கிறேன் என்று அவள் மூச்சு வாங்கியபோது, பாப்பா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் போகவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள்.